அடைத்ததைத் திறந்த நாள்

புதிதாக உதவிப் பொறியாளர்களாகச் சேர்ந்திருக்கும் உங்களில் யாருக்கு எந்த அணை வாய்க்கும் என்று எனக்குத் தெரியாது. பெரிய அணை வாய்த்தவர்கள் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிவீர்கள். திரியுங்கள், வயது அப்படி. பெரிய அணைக்குக் காவல் உண்டு, கருவிகள் உண்டு, யோசனை கேட்க நாலு பேர் உண்டு. நான் இதை எழுதுவது சின்ன மண் அணை வாய்த்து முகத்தைத் தொங்கப்போட்டுக் கொண்டிருப்பவர்களுக்கு. அங்கே மதகு பார்க்க ஒரு லஸ்கர், ஒரு பதிவேடு, அப்புறம் நீங்கள். முகத்தைத் தூக்குங்கள். முப்பத்து மூன்று வருட வேலையில் நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற நாள் அப்படியொரு சின்ன அணையில்தான் வந்தது. தலை குனிந்து சொல்ல வேண்டிய தப்பும் அதே அணையில்தான் நடந்தது.

எரியோட்டுக்கும் வேடசந்தூருக்கும் நடுவே ஒரு காட்டாற்றின் குறுக்கே கட்டிய அணை அது. உயரம் நாலு ஆள் இருக்கும். கரை மேல் ஒரு தார்ச்சாலை. மழைக்காலத்தில் வெள்ளத்தைப் பிடித்து வைத்து, மற்ற மாதங்களில் சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிக்கவும் கொஞ்சம் பாசனத்துக்கும் கொடுக்க வேண்டும். கரைக்கு நேர் கீழே ஒரு சிற்றூர். கீழூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பொறுப்பேற்று ஐந்து வருடம் அந்த அணையில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியதே இல்லை. கீழூர்ப் பெண்கள் குடத்தோடு லாரித் தண்ணீருக்கு நின்றதை ஐந்து கோடையும் பார்த்திருக்கிறேன். அணை கட்டிவிட்டுத் தண்ணீர் இல்லாமல் நிற்கிற பொறியாளரைப் போல அசடு வழிகிற ஜீவன் வேறு கிடையாது.

தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். வருடாந்தர ஆய்வுப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கரையில் புற்று, எலி வளை ஏதேனும் உள்ளதா? நான் ஐந்து வருடமும் ‘இல்லை’ என்று எழுதினேன். இருந்தது. கரையின் வெளிச்சரிவில், இடது ஓரத்திலிருந்து நூறு அடி தள்ளி, இடுப்பளவு உயரத்தில் ஒரு கறையான் புற்று. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருக்கும். வெள்ளிக்கிழமைதோறும் கீழூர்ப் பெண்கள் பால் ஊற்றி முட்டை வைத்துக் கும்பிடுவார்கள்.

புற்று என்பது வெளியே தெரிகிற மண்குவியல் மட்டும் இல்லை. உள்ளே விரல் கனத்தில், கை கனத்தில் வழி வழியாக ஓடும். மண் அணைக்குள் தண்ணீருக்குப் போட்டுக்கொடுத்த பாதை அது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முதல் வருடம் கரையில் சீமைக் கருவேலத்தை வெட்டவைத்தபோது புற்றின் முன்னால் போய் நின்றேன். இதில் கை வைத்தால் ஊரே திரண்டு வரும், மனு போகும், மறியல் நடக்கும் என்று மனத்துக்குள் ஒரு பெரிய படமே ஓடியது. ஆட்களைப் பார்த்து, “அதைச் சுத்திக்கிட்டுப் போங்கப்பா” என்றேன். புற்று இருக்கிறது என்று எழுதினால் ஏன் எடுக்கவில்லை என்று மேலே கேட்பார்கள். அதனால் இல்லை என்று எழுதினேன். முதல் வருடம் எழுதும்போது கை கூசியது. மூன்றாம் வருடம் கூசவில்லை. நீங்கள் பயப்பட வேண்டியது அந்த மூன்றாம் வருடத்துக்குத்தான்.

இனி பேச்சியம்மா. கரைக்குக் கீழே அரை ஏக்கரில் சம்பங்கி போட்டிருந்தவர். என்னைவிட இரண்டொரு வயது இளையவர், வாய் மட்டும் இருபது வயது மூத்தது. மண் அணை என்றால் அடியில் கொஞ்சம் கசியும். கசியாத மண் அணை எங்கும் இல்லை. அந்தக் கசிவு ஒரு சிறிய வாய்க்காலில் ஓடி, அவர் தோட்டத்து ஓரமாகப் போகும். பேச்சியம்மா தினமும் விடிகாலையில் பூ எடுத்து, அந்தத் தண்ணீரை மொண்டு தெளித்து, ஈரத்துணி மூடிப் பேருந்துக்குக் கொடுத்து அனுப்புவார். எங்கள் லஸ்கர் துரைப்பாண்டி, அணையிலேயே கிடந்து மதகைத் திறந்து மூடுகிறவர், அதே வாய்க்காலில் பதித்த அளவுப் பலகையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தினமும் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். ஒரே தண்ணீரை இரண்டு பேர் பார்த்தார்கள். ஒருவர் அளவைப் பார்த்தார், ஒருவர் நிறத்தைப் பார்த்தார்.

ஆறாவது வருடம் ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. அய்யலூர் மலைப்பக்கத்திலிருந்து காட்டாறு கரை புரண்டு வந்து, ஒரே வாரத்தில் அணை நிரம்பியது. உபரி நீர் வழியும் கலிங்கில் தண்ணீர் விழுந்த அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. நான் அங்கே நின்று கைப்பேசியில் படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கல்யாணப் பெண்ணின் தாய்க்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணி இருக்கும். திண்டுக்கல்லில் வீட்டில் இருந்தேன். பேச்சியம்மா அழைத்தார்.

“மேடம், பேச்சி பேசுறேன். தண்ணி ஒரு மாதிரியா வருது.”

“ஒரு மாதிரின்னா? கூடுதலா வருதா?”

“கூடவெல்லாம் இல்ல. கலங்கி வருது. பூவுக்குத் தெளிக்க மொண்டேன், செம்மண்ணைக் கரைச்ச கணக்கா இருக்கு. இம்புட்டு வருசத்துல இப்புடி வந்ததே இல்ல மேடம். வெரசா வாங்க.”

பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். கசிவு தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வெளியே வருகிறது. கலங்கி வந்தால் அணையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. உள்ளேயிருக்கும் மண்ணைத் தண்ணீர் அரித்துக்கொண்டு வர வர, ஓட்டை உள்பக்கமாக நீளும். அது நீர்த்தேக்கத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சில மணி நேரத்தில் கரை வாய் பிளந்துவிடும்.

வண்டியில் ஏறியதும் துரைப்பாண்டியை அழைத்தேன். “கசிவு எப்படி இருக்கு?”

“நேத்து அளவுதான் மேடம். பதிவேட்டுல எழுதிட்டேன்.”

“என்ன கலர்?”

“கலரா?” என்றார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பதிவேட்டில் நிறத்துக்குக் கட்டம் இல்லை, அதைப் போட்டுக்கொடுக்க வேண்டியவள் நான்.

அவரிடம் இரண்டு வேலை சொன்னேன். மதகை முழுதாகத் திறப்பது ஒன்று. கோயில் மைக்கில் சொல்லிக் கீழூர் மக்களை, ஆடு மாடு உட்பட, மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றுவது இன்னொன்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வண்டி ஓட்டுநர், “ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லலாமே மேடம், ஒண்ணுமில்லன்னா ஊரு சிரிக்குமே” என்றார். சிரிக்கட்டும். ஆட்களை வெளியேற்றிய பிறகுதான் நமக்கு யோசிக்கவே தைரியம் வரும். வீட்டுக்குள் குழந்தைகள் இருக்கும்போது எந்த மூளையும் வேலை செய்யாது.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண்களும் பிள்ளைகளும் மேட்டுக்குப் போயிருந்தார்கள், கரையடியில் ஐம்பது ஆண்கள். எல்லார் முகத்திலும் வெற்றிச் சிரிப்பு.

“அடைச்சுட்டோம் மேடம்! சொட்டு வரல!”

பார்த்தேன். புற்றுக்கு நேர் கீழே, ஆறேழு அடி தள்ளி, கசிவு வந்த இடத்தில் வாழைமட்டையைத் திணித்து, அதன் மேல் களிமண்ணை அப்பி, மேலே சாக்கு மூட்டைகளைப் போட்டு மிதித்திருந்தார்கள். உண்மையிலேயே சொட்டு வரவில்லை. வாய்க்கால் மடையில் ஓட்டை விழுந்தால் நம் ஊர் விவசாயி செய்கிற வேலை அதுதான். காலங்காலமாக அடைத்துப் பழகிய கைகள். மடைக்கு அது சரி. அணைக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. உள்ளேயிருக்கிற தண்ணீருக்குப் பின்னால் மொத்தத் தேக்கமும் நின்று தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு வாயை மூடினால் அது சும்மா இருக்காது, உள்ளுக்குள்ளேயே சுற்றி இன்னொரு வாயைத் திறக்கும். எங்கே என்று நமக்குத் தெரியாது.

“அடைச்சதை எடுங்க” என்றேன்.

யாரும் அசையவில்லை. ஒரு பெரியவர், “என்னம்மா பேசுறீங்க? ஊரு கீழ இருக்கு” என்றார். பின்னால் ஒருவர், “படிச்ச படிப்பு அம்புட்டுத்தான்” என்றார். எனக்கும் கோபம் வந்தது. ஐந்து நிமிடம் நின்று விளக்கியிருக்கலாம். அந்த ஐந்து நிமிடம் என்னிடம் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, ஒரு மூட்டையைப் பிடித்து இழுத்தேன். அசைந்து கொடுத்ததே தவிர வரவில்லை. அப்போது எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கை வந்து மூட்டையைப் பிடித்தது. பேச்சியம்மா.

“எதுக்குன்னு தெரியாமலா சொல்லும் இந்தப் பொம்பள? இழுங்கய்யா” என்றார்.

மூன்றாவது மூட்டையை எடுக்கும்போதே மேலே சரிவில் ஒருவர் கத்தினார். அடைத்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, புல்லுக்குள்ளிருந்து புதிதாக ஒரு வாய் திறந்து, செந்நிறத் தண்ணீர் குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஐம்பது பேரும் சேர்ந்து வாழைமட்டையைப் பிய்த்து எறிந்தார்கள். பழைய வாய் திறந்ததும் புதிய வாய் சுருங்கிக் கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது.

வரும் வழியில் நான் தகவல் சொல்லியிருந்த என் மேலதிகாரி, செயற்பொறியாளர், அந்த நேரத்தில்தான் அழைத்தார். பெரிய சார் என்போம். கறாரானவர், ஆனால் சொன்னதைக் காதில் வாங்குகிற மனிதர்.

“வெட்டிரலாம்மா. வலது ஓரத்துல கரையை வெட்டி விட்டா தண்ணி தரிசுல போயிரும். ஊரு தப்பிச்சுரும்.”

“ஊரு தப்பிக்கும் சார். அணை போயிரும். திரும்பக் கட்ட எத்தனை வருசம் ஆகும்னு உங்களுக்கே தெரியும்.”

“உங்களால நிறுத்த முடியுமா?”

முடியும் என்று சொல்ல ஆசைதான். “நாலு மணி வரைக்கும் டைம் குடுங்க சார். இங்க கை குடுக்கிறவங்க தவிர ஊர்க்காரங்க எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்க” என்றேன்.

“ஜே.சி.பி. அனுப்புறேன். வலது ஓரத்துல ரெடியா நிக்கட்டும். நாலு மணிக்கு நான் வர்றேன். அப்பவும் கலங்கலா வந்தா, நானே நின்னு வெட்டுவேன். நடுவுல பெருசாச்சுன்னா என்னைக் கேக்காதீங்க, வெட்டிருங்க.”

அப்படியாக எனக்குக் கிடைத்தது ஏழரை மணி நேரம். தோற்றால் கீழூருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஐந்து வருடம் கழித்து வந்த தண்ணீர் ஒரே நாளில் தரிசில் பாயும். மறுபடியும் குடத்தோடு லாரிக்கு நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: தண்ணீரை விட வேண்டும், மண்ணைப் பிடிக்க வேண்டும். கசிகிற வாயின் மேல் முதலில் நல்ல மணல். அதன் மேல் பொடி ஜல்லி. அதன் மேல் பெரிய ஜல்லி. உச்சியில் பாரத்துக்குக் கல். சுற்றிலும் மூட்டை அடுக்கி ஒரு வளையம். டீ வடிகட்டி மாதிரி, தண்ணீர் இறங்கும், தூள் நிற்கும். வகுப்பில் நீங்களும் படித்திருப்பீர்கள். வகுப்பில் யாரும் சொல்லாதது, காலை ஒன்பது மணிக்கு மணலுக்கு எங்கே போவது என்பது.

எரியோடு சாலையில் ஜமால் பாய் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். திண்டுக்கல்லில் தோல் வியாபாரம் செய்கிறவர். அஸ்திவாரத்தோடு மழை வந்து வேலை நின்றிருந்தது. மணலும் ஜல்லியும் மலைபோலக் குவிந்து கிடப்பதைத் தினமும் வண்டியிலிருந்து பார்த்திருக்கிறேன். ஓட்டுநரிடம் நம்பர் வாங்கி அழைத்தேன். பாதி சொல்வதற்குள் அவர் குறுக்கிட்டார்.

“எடுத்துக்கங்கம்மா. இதுக்கு என்னைக் கேக்கணுமா? வாட்ச்மேன்கிட்டச் சொல்லிடுறேன். நானும் கிளம்பி வர்றேன்.”

“பாய், ஜல்லி பூராவும் போனாலும் போயிரும்.”

“போகட்டும்மா. தண்ணி இல்லாத ஊர்ல மண்டபம் கட்டி, வந்தவங்களுக்குக் கை கழுவ என்னத்தை ஊத்துறது?”

டிராக்டர்கள் ஓட ஆரம்பித்தன. முதல் டிராக்டர் சரளை மண் ஏற்றி வந்தது. யாரோ ஆர்வத்தில் பக்கத்துக் கண்மாயில் அள்ளியது. திருப்பி அனுப்பினேன், ஓட்டியவர் முறைத்தார். இரண்டாவது பாய் இடத்து மணல். ஒரு பிடி அள்ளி, ஈரக் கையில் தேய்த்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சேறு ஒட்டிக்கொண்டது. அதையும் ஓரமாகக் கொட்டச் சொன்னேன். சேறு கலந்த மணலைப் போட்டால் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும், பிறகு வாழைமட்டைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? பாயின் குவியலில் இன்னொரு பக்கம் கான்கிரீட்டுக்கு வைத்திருந்த பருமணல் இருந்தது. அது கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. அவசரம் என்று எதையாவது போட்டு நிரப்பச் சொல்லி உங்களைச் சுற்றி நூறு பேர் நிற்பார்கள். அப்போது அந்தக் கைப்பிடி மணலைத் தேய்த்துப் பார்க்கிற அரை நிமிடம்தான் உங்கள் சம்பளம்.

டிராக்டர் கரைச்சாலையில் வர நான் விடவில்லை. பாரம் தாங்க வேண்டுமே. இடது பக்க மேட்டில் கொட்டி, அங்கிருந்து ஆள் கை மாற்றித்தான் கொண்டுவர வேண்டும். ஆள்? ஐம்பது பேர் போதாது. அந்த நேரம் வேடசந்தூர் மில் பேருந்து ஒன்று வந்து நின்றது. இரவு ஷிப்ட் முடித்த பெண்கள், தலையெல்லாம் பஞ்சு. கரை மேல் போகக் கூடாது, சுற்றிப் போங்கள் என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு பெண் எட்டிப் பார்த்து, “என்னக்கா ஆச்சு? அணை உடையுதா?” என்றாள்.

“உடையாது. ஆள் வந்தா உடையாது” என்றேன். இன்றைக்கும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வருகிறது.

பேருந்து காலியானது. எட்டு மணி நேரம் தறிகெட்ட மெஷினோடு நின்றுவிட்டு வந்த பெண்கள், துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சாந்துச் சட்டி கைக்குக் கை போனது. ஓட்டையருகே எட்டுப் பேருக்கு மேல் நான் அனுமதிக்கவில்லை. துரைப்பாண்டியை விசிலோடு கரை மேல் நிறுத்தி, புதிதாக எங்காவது வாய் திறந்தாலோ கரை உள்வாங்கினாலோ ஊதச் சொன்னேன். விசில் கேட்டால் எல்லாரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இடது மேட்டுக்கு ஓட வேண்டும். ஒருமுறை ஓடியும் காட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பேச்சியம்மா மட்டும் ஓடவில்லை. “நான் ஓடி எங்க போறது, என் பூவு இங்கதான இருக்கு” என்றார். அவரைத் திட்டி ஓடவைத்தேன்.

மணல் போட்டதிலிருந்து அரை மணிக்கொரு முறை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, நேரத்தை எழுதி, மதகுச் சுவர் மேல் வரிசையாக வைத்தேன். முதல் பாட்டில் செங்கல் நிறம். மூன்றாவது டீ நிறம். ஐந்தாவதில் அடியில் ஒரு விரற்கடை வண்டல், மேலே மங்கல். கூட்டத்தில் உற்சாகம் ஏறியது. ஜமால் பாய் திண்டுக்கல்லிலிருந்து வரும்போதே அண்டா நிறையத் தக்காளி சாதம் கொண்டுவந்திருந்தார். அவரே வெள்ளைச் சட்டையோடு நின்று பரிமாறினார். வலது ஓரத்தில் ஜே.சி.பி. வந்து கையைத் தூக்கி நின்றது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு ஆறாவது பாட்டிலைப் பிடித்தேன். மறுபடி செங்கல் நிறம்.

பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்துகொண்டேன். நடுவில் பெருசாச்சுன்னா வெட்டிருங்க என்று பெரிய சார் சொன்னது காதில் கேட்டது. கைப்பேசியை எடுத்தேன். ஜே.சி.பி. ஓட்டுநருக்குக் கையசைத்தால் போதும். நூறு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. வெட்டினால் என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். விதிப்படி நடந்தவள் என்பார்கள். கை உயர்கிற நேரத்தில் ஒரு கேள்வி வந்தது: தண்ணீர் கூடியிருக்கிறதா, கலங்கல் மட்டும் கூடியிருக்கிறதா? அளவுப் பலகையைப் போய்ப் பார்த்தேன். அளவு அப்படியே இருந்தது. அப்படியென்றால் ஓட்டை பெருகவில்லை. நம் வேலையில்தான் எங்கேயோ கோளாறு. கையைக் கீழே போட்டேன்.

பேச்சியம்மா வளையத்துக்குள் முழங்கால் தண்ணீரில் நின்று, காலால் துழாவிக்கொண்டிருந்தார்.

“மேடம், இந்த மூலையிலதான் கலங்குது. கால்ல மண்ணு நெருநெருன்னு உருண்டு வருது. அந்தப் பக்கம் சுத்தமா இருக்கு.”

கை விட்டுப் பார்த்தேன். மூட்டைக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு மூலை. அங்கே மணலே இல்லை. அவசரத்தில் யாரோ நேராக மண் மேலேயே ஜல்லியைக் கொட்டியிருந்தார்கள். ஜல்லி இடுக்கு வழியாக அணை மண் தாராளமாக வெளியேறிக்கொண்டிருந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று முழுக்க அதைத்தான் பேசியிருப்போம். ஜல்லியை அள்ளி வெளியே போட்டோம். பருமணல் பத்துச் சட்டி. பொடி ஜல்லி. பெரிய ஜல்லி. கல். நானும் பேச்சியம்மாவும் அடுக்கடுக்காகக் கையாலேயே பரப்பினோம்.

ஒன்றரை மணி பாட்டில் டீ நிறம். இரண்டு மணி, பரவாயில்லை. இரண்டரைக்குப் பாட்டிலின் மறுபக்கம் வைத்த என் விரல் தெரிந்தது. மூன்று மணிக்கு விரல் ரேகை தெரிந்தது. மில் பெண்களில் ஒருத்தி குலவையிட்டாள். உடனே வரிசை முழுக்கக் குலவை. நான் எல்லாரையும் அதட்டினேன், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று. எனக்குள்ளும் குலவைதான் என்பதை அவர்களுக்குக் காட்டவில்லை.

சரியாக நாலு மணிக்குப் பெரிய சார் வந்தார். நேராக மதகுச் சுவருக்குப் போய், முதல் பாட்டிலிலிருந்து கடைசிப் பாட்டில்வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆறாவது பாட்டிலில் நின்றார்.

“இது என்ன?”

“தப்பு சார். ஒரு மூலையில மணல் போடாம விட்டுட்டோம். சரி பண்ணியாச்சு.”

“இந்தப் பாட்டில் வந்தப்பவே நீங்க வெட்டியிருக்கலாம்.”

“வெட்டியிருக்கலாம் சார்.”

கரையடிக்கு இறங்கி, தானே ஒரு பாட்டில் பிடித்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். அதன் வழியாக அந்தப் பக்கம் நின்ற கூட்டம் முழுவதும் தெரிந்தது. வலது ஓரத்தைப் பார்த்து, “ஜே.சி.பி.யைக் கிளப்பச் சொல்லுங்க. இங்க அதுக்கு வேலை இல்ல” என்றார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குத் திறமை இல்லை. ஆணும் பெண்ணும் கத்தினார்கள், அழுதார்கள். ஜே.சி.பி. ஓட்டுநர் போகிற போக்கில் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனார். ஜமால் பாய் காலியான அண்டாவைக் கரண்டியால் தட்டினார். பெரிய சாரின் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது, தூசி என்றார். மழையில் ஊறிய அணையில் தூசி!

அந்த ஆரவாரத்திலேயே நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இல்லையென்றால் எப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். கசிவு வந்தது புற்றுக்கு நேர் கீழே, புற்று இருப்பது எனக்கு ஐந்து வருடமாகத் தெரியும், இல்லையென்று எழுதியது நான்தான் என்று பெரிய சாரிடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். அவர், “எழுத்து மூலமா குடுங்க” என்றார். கொடுத்தேன். அதற்குரிய குறிப்பாணை வந்தது, அதையும் வாங்கிக்கொண்டேன். அது தனிக்கதை இல்லை, நியாயம்.

அன்று கடினமான வேலை அதுவும் இல்லை. சத்தம் கேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து இறங்கி வந்திருந்த ஊர்ப்பெண்கள் பக்கம் திரும்பி, தண்ணீர் இறங்கியதும் அந்தப் புற்றைத் தோண்டி எடுத்துக் கெட்டிப்படுத்தியே ஆக வேண்டும் என்று சொன்னதுதான். மனு, மறியல் எல்லாம் மறுபடி கண் முன்னால் வந்தன.

பேச்சியம்மா புற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இதுக்கா அஞ்சு வருசம் வாயத் தொறக்காம இருந்தீக? மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா பிடிமண் எடுத்துட்டுப் போயிருப்போம்ல? எங்க ஆத்தா வீட்டுச் சாமியே அப்புடி ரெண்டு ஊரு மாறி வந்ததுதான்.”

மற்ற பெண்களும் அதற்கென்ன என்பது போலத் தலையாட்டினார்கள். ஒரு பிடி மண்ணை முறைப்படி எடுத்துப்போய் வேறிடத்தில் வைத்துவிட்டால் சாமியும் கூடவே போய்விடும். அவர்களுக்கு அது நாலு ஊரில் பார்த்த வழக்கம். ஐந்து வருடம் நான் பயந்த ஊர், ஒரு நிமிடத்தில் சம்மதம் சொல்லிவிட்டது. கேட்காமலேயே அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று முடிவு கட்டியது யார்? நான்தான். மறுப்பையும் நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, நானே கோப்பில் வைத்துக்கொண்டேன்.

அந்த வடிகட்டியை ஐந்து மாதம் தினமும் பார்த்தோம். ஒரு நாளும் கலங்கவில்லை. அந்தக் கோடையில் கீழூருக்குத் தண்ணீர் லாரி வரவே இல்லை. சித்திரையில் தண்ணீர் புற்று மட்டத்துக்குக் கீழே இறங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மேளதாளத்தோடு பிடிமண் எடுத்து, மேட்டில் வேப்பமரத்தடியில் வைத்தார்கள். அன்றே தோண்டினோம்.

உள்ளே கை போனது. அப்புறம் தோள்வரை போனது. அப்புறம் ஆளே குனிந்து பார்க்கிற அளவுக்கு இருந்தது. வழி கரைக்குள் நீர்த்தேக்கத்தை நோக்கி நேராக ஓடியிருந்தது. முடிகிற இடத்தில் பெரிய சாரே குனிந்து, அங்கிருந்து கரையின் உள்சரிவுவரை எவ்வளவு மண் மிச்சம் என்று டேப் பிடித்துக் கணக்கிட்டார். நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“பதினோரு அடி” என்றார்.

பதினோரு அடி மண்தான் அன்றைக்கு அத்தனை தண்ணீரையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நாங்கள் எட்டுப் பேர் அதற்கு நேர் கீழே முழங்கால் தண்ணீரில் நின்று மணல் பரப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பேச்சியம்மா எட்டி, அந்த ஓட்டைக்குள் பார்த்தார். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“அம்புட்டு மண்ணு மிச்சம் இருந்திருக்கு. அதுக்குப் போயி அன்னைக்கு ஜே.சி.பி.யக் கொண்டாந்து நிப்பாட்டுனீகளாக்கும்?”

பெரிய சார்தான் முதலில் சிரித்தார்.